குதிரையும் கடிவாளமும்

பங்குனி மாதத்து வெயில். பிற்பகல் மூன்று மணி இருக்கும். தேகப் பயிற்சி வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் எல்லோரும் தண்ணீர்க் குழாயை நோக்கி ஓட்டமாக ஓடினார்கள். ஒருவரையொருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு, கைகளைக் குவித்து ஏந்திக் குடித்தார்கள். முகத்திலும் தலையிலும் வாரி இறைத்துக்கொண்டார்கள். கூட்டம் கலைந்த பிறகு ஒரு பையன் மட்டும் மெள்ள வந்தான். எட்டாம் வகுப்பில் படிக்கிறவன். குழாயைத் திறந்து கை கால் அலம்பினான், வாய் கொப்புளித்தான், கொப்புளித்த நீரை ஒரு துளி மிச்சமில்லாமல் துப்பினான். குழாயை மூடிவிட்டு ஒரு கணம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு வகுப்புக்குப் போய்விட்டான்.

நாம் மாடி ஜன்னலிலிருந்து இவ்வளவையும் கவனித்துக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது. அது ரமலான் மாதம் என்பதும், அவன் நோன்பிருக்கிறான் என்பதும் அப்போதுதான் நமக்கு நினைவு வந்தது. மாலையில் மணியடித்து அவன் வீட்டுக்குப் புறப்பட்டபோது, "ஏன் தம்பி, நோன்பும் வைத்துக்கொண்டு குழாயடிக்கும் போகிறாயே, தண்ணீரைப் பார்த்தால் குடிக்கத் தோன்றாதா?" என்று கேட்டோம்.

பையன் சிரித்தான். "தோன்றும் ஸார். முதல் இரண்டு மூன்று நாள் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அப்புறம், 'இப்போது இல்லை, அந்திக்கு' என்று மனசுக்குச் சொல்லிவிட்டால் அது பேசாமல் இருந்துவிடுகிறது. எங்க உம்மா அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாங்க" என்றான்.

"இப்போது இல்லை, அந்திக்கு!" இரண்டு மூன்று நாட்களாக இந்த வாக்கியம் நம் காதிலேயே ஒலித்துக்கொண்டிருந்தது. புலனடக்கத்தைப் பற்றிப் பெரிய பெரிய ஞானிகள் பெரிய பெரிய நூல்களை இயற்றியிருக்கிறார்கள். அவற்றின் சாரத்தை அந்தப் பையனின் தாயார் மூன்றே சொற்களில் அடக்கிவிட்டாள் என்றே நமக்குத் தோன்றியது. தண்ணீர் கெட்டது என்று அவள் சொல்லவில்லை. தாகம் பாவம் என்று சொல்லவில்லை. ஆசையைக் கொன்றுவிடு என்றும் சொல்லவில்லை. "இப்போது இல்லை" என்றுதான் சொல்லிக் கொடுத்தாள். ஆசையைக் காத்திருக்கச் செய்கிறவன் எஜமானன். ஆசை கூப்பிட்டவுடன் ஓடுகிறவன் அதற்கு வேலைக்காரன். இஸ்லாம் மார்க்கம் தன் அடியார்களுக்கு விதித்திருக்கும் தன்னடக்கப் பயிற்சியின் உயிர்நிலை இதுதான் என்பது நம்முடைய அபிப்பிராயம். இதை இந்த வாரம் சிறிது விரித்துப் பார்ப்போம்.

ரமலான் நோன்பு ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 624-இல், மதீனா நகரில் கடமையாக்கப்பட்டது. உங்களுக்கு முன்னிருந்தவர்களுக்கும் நோன்பு விதிக்கப்பட்டிருந்தது என்று குர்-ஆன் முதலில் நினைவூட்டுகிறது. நோன்பு எதற்காக என்பதையும் உடனே சொல்லிவிடுகிறது. உடம்பை வருத்துவதற்காக அல்ல; இறையச்சம் உண்டாவதற்காக. 'தக்வா' என்ற அரபுச் சொல்லை நம்மவர் இறையச்சம் என்று மொழிபெயர்ப்பது வழக்கம். முள் நிறைந்த பாதையில் வேஷ்டியை ஒடுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்து நடக்கிறோமே, அந்த ஜாக்கிரதைதான் தக்வா என்று பொருள் கொண்டால் தவறாகாது.

கிழக்கு வெளுக்கும் நேரம் தொடங்கிச் சூரியன் மறையும் வரையில் உணவில்லை, நீரில்லை, இல்லற இன்பமில்லை. நமது ஊர்களில் இது சுமார் 13 மணி நேரம். இஸ்லாமியரின் ஆண்டு சந்திர ஆண்டாகையால், சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவானது. ஆகவே ரமலான் மாதம் ஆண்டுதோறும் முன்னே நகர்ந்து நகர்ந்து, சுமார் 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறது. மார்கழிக் குளிரில் நோன்பிருந்தவன் கத்திரி வெயிலிலும் நோன்பிருக்க வேண்டும். சௌகரியமான காலமாகப் பார்த்துத் தன்னை அடக்கிக்கொள்ளும் சலுகை அவனுக்கு இல்லை.

இத்தனை கண்டிப்பினிடையே எவ்வளவு பரிவு இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். நோயாளிகளும் பிரயாணிகளும் பிறகு ஒரு சமயம் நோன்பு நோற்றுக்கொள்ளலாம். தள்ளாத முதியவர்கள் அதற்கு ஈடாக ஓர் ஏழைக்கு உணவளித்தால் போதும். விடியுமுன் எழுந்து 'ஸஹர்' உணவு உண்பதை நபிகள் நாயகம் அவர்கள் வற்புறுத்தியிருக்கிறார்கள். சூரியன் மறைந்ததும் தாமதிக்காமல் நோன்பைத் திறந்துவிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். "நான் இன்னும் ஒரு மணி நேரம் பட்டினி கிடப்பேன்" என்று வீம்பு பிடிப்பதில் புண்ணியம் ஒன்றும் இல்லை. இரவிலும் உண்ணாமல் நாளோடு நாளாக நோன்பைத் தொடர்வதை நாயகம் அவர்கள் தடுத்தே விட்டார்கள். பாங்கு ஒலி கேட்டதும் பேரீச்சம்பழத்தை வாயிலிடுகிறவன், பகலில் நீரைத் தொடாதிருந்த அதே கட்டளைக்குத்தான் அப்போதும் கீழ்ப்படிகிறான். அவன் அந்தியில் உண்பதும் அடக்கமே.

வாசகர்களில் சிலர், "பகலெல்லாம் பட்டினி கிடந்துவிட்டு இரவில் இரட்டை மடங்கு சாப்பிட்டால் என்ன பிரயோசனம்?" என்று கேட்கக் கூடும். கேள்வி நியாயமானதே. இதே கேள்வியை முதல் முதலில் வன்மையாகக் கேட்டவர்கள் இஸ்லாமிய ஞானிகளே. மனிதன் நிரப்புகிற பாத்திரங்களுள் வயிற்றைவிடக் கெட்ட பாத்திரம் வேறில்லை என்ற கருத்தில் நாயகம் அவர்கள் பேசியிருக்கிறார்கள். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று அளவும் கூறியிருக்கிறார்கள். பொய்யையும் தீச்செயலையும் விடாதவன் உணவையும் நீரையும் மட்டும் விடுவதால் இறைவனுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை என்பதும் அவர்களுடைய போதனையே. நோன்பு முடிந்த பெருநாளன்று தொழுகைக்குப் போகுமுன், வீட்டிலுள்ள குழந்தை உள்பட ஒவ்வொருவர் பெயராலும் ஒரு 'ஸாஉ' தானியம், அதாவது ஏறக்குறைய இரண்டரை முதல் மூன்று கிலோ, ஏழைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். பசியை அறிந்தவன் பசித்தவனை மறக்கலாகாது என்பதே இந்தப் பித்ராவின் கருத்து. வயிற்றுக்கு நோன்பு என்றால், பெட்டிக்கு ஜக்காத். குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஓராண்டு சேர்ந்து நிற்கும் பொன்னிலும் பணத்திலும் நாற்பதில் ஒரு பங்கை எடுத்து உரியவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். அது தருமம் அல்ல. ஏழைக்குச் சேர வேண்டிய உரிமை. மீதி முப்பத்தொன்பது பங்கை வைத்துக்கொண்டு நியாயமாக வாழலாம். அதையும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நிற்க. உலக ஆசைகளை வெல்வது என்றவுடனே நம்மில் பலருக்குக் காட்டையும் குகையையும் பற்றிய நினைவுதான் வருகிறது. நபிகள் நாயகத்தின் காலத்திலும் அப்படி நினைத்தவர்கள் இருந்தார்கள். மூவர் கூடிப் பேசினார்கள். ஒருவர், "இனி இரவு முழுவதும் தொழுதுகொண்டே இருப்பேன்" என்றார். மற்றொருவர், "நாள் தவறாமல் நோன்பிருப்பேன்" என்றார். மூன்றாமவர், "நான் விவாகமே செய்துகொள்ளப் போவதில்லை" என்றார். செய்தி நாயகத்தின் செவிக்கு எட்டியது. அவர்கள் மூவரையும் மெச்சவில்லை. தாம் நோன்பிருப்பதும் உண்டு, உண்பதும் உண்டு. தொழுவதும் உண்டு, உறங்குவதும் உண்டு. இல்லறமும் நடத்துவதாகச் சொல்லி, இந்த வழியை விட்டு விலகுகிறவன் தம்மைச் சேர்ந்தவனல்லன் என்று கண்டிப்பாகக் கூறிவிட்டார்கள்.

இன்னொரு சம்பவம் இதைவிட ரசமானது. ஸல்மான் என்ற பாரசீகரையும் அபூ தர்தா என்ற மதீனாவாசியையும் நாயகம் அவர்கள் சகோதரர்களாகப் பிணைத்துவைத்திருந்தார்கள். ஒரு நாள் ஸல்மான் தம் சகோதரரைப் பார்க்கப் போனார். வீட்டு அம்மாள் கந்தலும் கசங்கலுமாக இருந்தாள். காரணம் கேட்டதற்கு, "உங்கள் சகோதரருக்குத்தான் உலகத்தில் ஒன்றும் வேண்டியதில்லையே!" என்றாள். அபூ தர்தா விருந்தினருக்கு உணவு படைத்தார். தாம் நோன்பு என்றார். "நீர் உண்ணாமல் நான் உண்ண மாட்டேன்" என்று ஸல்மான் பிடிவாதம் செய்து அவரை உண்ண வைத்தார். இரவு அவர் தொழ எழுந்தபோதெல்லாம், "தூங்கும், தூங்கும்" என்று படுக்க வைத்தார். இரவின் கடைசிப் பகுதி வந்ததும், "இப்போது எழுந்திரும்" என்று சொல்லி, இருவருமாகத் தொழுதார்கள். இறைவனுக்கும், உடம்புக்கும், மனைவி மக்களுக்கும் ஒருவன் செலுத்தவேண்டிய பாத்தியதைகள் தனித்தனியே இருக்கின்றன என்று ஸல்மான் எடுத்துரைத்தார். நாயகம் அவர்கள் இதைக் கேட்டு, ஸல்மான் சொன்னதே உண்மை என்று தீர்ப்பளித்தார்கள். கணவன் செய்யும் தவத்தின் செலவு மனைவியின் தலையில் விழலாகாது என்பதை இதைவிடத் தெளிவாக எவர் சொல்ல முடியும்?

இந்தக் கருத்துக்கு ஓர் உவமை கண்டவர் இமாம் கஸ்ஸாலி. மனிதனுடைய அறிவு வேட்டைக்குப் புறப்பட்ட வீரன். இச்சை அவன் ஏறியிருக்கும் குதிரை. கோபம் அவன் கூட வரும் நாய். குதிரை முரட்டுக் குதிரையாகவும் நாய் வெறி நாயாகவும் இருந்தால் வேட்டை நடக்காது. வீரன் உயிர் பிழைப்பதே துர்லபம். அதற்காகக் குதிரையைக் கொன்றுவிட்டால்? அப்போதும் வேட்டை நடக்காது. பசி என்ற இச்சை அடியோடு போய்விட்டால் மனிதன் செத்துப்போவான். கோபம் அடியோடு போய்விட்டால் தன்னைக் காத்துக்கொள்ள மாட்டாமல் அழிவான். ஆகவே வேண்டியது வதை அல்ல, பழக்கம். குதிரை இருக்கட்டும், கடிவாளம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

குழாயடிப் பையனின் தாகம் பழக்குவதற்கு எளிய குதிரை. கண்ணுக்குத் தெரிகிற குதிரை. கண்ணுக்குத் தெரியாத குதிரை ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்கு முன் நம்முடைய வண்டவாளம் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் நாம் காப்பி குடிப்பதை விட்டுவிடுவதென்று தீர்மானித்தோம். மெய்யாகவே ஒரு மண்டல காலம் தொடவில்லை. ஆனால் அந்த நாற்பத்தெட்டு நாளும் நாம் செய்த காரியம் என்ன? எந்த வீட்டுக்குப் போனாலும், "வேண்டாம், விட்டுவிட்டோம்" என்று சொன்னோம். ஏன் விட்டோம் என்று கேட்காதவர்களுக்கும் சொன்னோம். உபாத்தியாயர்களின் அறையில் காப்பி வந்தால், வேண்டுமென்றே அந்தச் சமயத்தில் உள்ளே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தோம். ஒரு நாள் நம் வீட்டு அம்மாள், "காப்பியைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தபோது வீடு நிம்மதியாக இருந்தது" என்றாள். அன்றுதான் உண்மை விளங்கிற்று. நாம் ஒரு சிறிய ஆசையை விற்றுப் பெரிய ஆசை ஒன்றை வாங்கியிருந்தோம். நாக்கு காப்பியை விட்டது. காது புகழ்ச்சியைப் பிடித்துக்கொண்டது!

நாம் வேடிக்கையாகச் சொல்லும் இந்த விஷயம் இமாம் கஸ்ஸாலிக்கு உயிர்ப் போராட்டமாக வந்தது.

அபூ ஹாமித் முகம்மது அல்-கஸ்ஸாலி, குராசான் தேசத்துத் தூஸ் என்ற ஊரில் 1058-இல் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தவர். நிஷாப்பூரில் ஜுவைனி என்ற பேராசிரியரிடம் கற்றுத் தேர்ந்தார். செல்ஜுக் சுல்தானின் பேர்பெற்ற மந்திரி நிஜாமுல் முல்க் அவரைத் தம் சபைக்கு அழைத்துக்கொண்டார். 1091-இல் பாக்தாதிலுள்ள நிஜாமிய்யாக் கல்விச்சாலையில் தலைமை ஆசிரியராகவும் நியமித்தார். அப்போது அவருக்கு வயது 33. அந்தக் காலத்து இஸ்லாமிய உலகில் ஓர் ஆசிரியருக்கு அதைவிட உயர்ந்த பதவி கிடையாது. முந்நூறு மாணாக்கர்கள் அவர் காலடியில் அமர்ந்து பாடங் கேட்டார்கள். அரசியல்வாதிகள் அவருடைய ஆலோசனையை நாடினார்கள்.

அவருக்கு இரத்தினக் கம்பளத்தின்மீதோ தின்பண்டத்தின்மீதோ மோகம் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் கற்பித்ததும் மார்க்கக் கல்விதான். குற்றம் எங்கே? ஒரு நாள் தம்மையே விசாரணை செய்து பார்த்தார். "நான் இறைவனுக்காகவா கற்பிக்கிறேன்?" என்று கேட்டுக்கொண்டார். கீர்த்திக்காகவும் செல்வாக்குக்காகவும்தான் கற்பிக்கிறோம் என்ற பதில் உள்ளேயிருந்து வந்தது. இதை அவரே தமது சுயசரிதம் போன்ற நூலில் ஒப்புக்கொண்டிருக்கிறார். நற்செயல் என்ற வேஷம் போட்டுக்கொண்டு வந்த ஆசையை அவர் அடையாளம் கண்டுகொண்டார்.

கண்டுகொண்டால் போதுமா? பாக்தாதை விட்டுப் போய்விட வேண்டும் என்று காலையில் தீர்மானிப்பார். மாலைக்குள் ஆசைகளின் படை வந்து தீர்மானத்தைச் சிதறடித்துவிடும். ஒரு காலை முன்னே வைப்பார். மற்றொன்றைப் பின்னே இழுத்துக்கொள்வார். இந்த நிலை ஏறக்குறைய ஆறு மாதம் நீடித்தது. நமது பள்ளிக்கூடத்துப் பையன் ஆசையைப் பார்த்து, "இப்போது இல்லை, அந்திக்கு" என்றான். உலகம் போற்றிய பேராசிரியரோ தம் மனச்சாட்சியைப் பார்த்து, "இப்போது இல்லை, நாளைக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காத்திருக்க வேண்டியது எதுவோ அது சிங்காதனத்தில் இருந்தது. சிங்காதனத்தில் இருக்க வேண்டியது வாசலில் காத்திருந்தது!

1095-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவருடைய நா கட்டிக்கொண்டது. பாடம் சொல்ல வாயைத் திறந்தால் ஒரு வார்த்தையும் வரவில்லை. உணவு இறங்கவில்லை, உடம்பு தளர்ந்தது. வைத்தியர்கள் பார்த்துவிட்டு, இது மனத்திலிருந்து உடம்புக்கு வந்த நோய். மருந்துக்கு வசப்படாது என்று கைவிரித்துவிட்டார்கள். நோயால் பேச்சிழந்த ஆசிரியர்கள் எத்தனையோ பேர். தம் பேச்சில் உண்மை இல்லை என்ற உறுத்தலால் பேச்சிழந்த ஆசிரியர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

அந்த வருஷம் நவம்பரில் அவர் புறப்பட்டார். மக்காவுக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு, டமாஸ்கஸை நோக்கி நடந்தார். இல்லாவிட்டால் கலீபாவும் நண்பர்களும் விட்டிருக்க மாட்டார்கள். செல்வத்தைப் பகிர்ந்து கொடுத்துவிட்டார். ஆனால் தம் பிள்ளைகளின் ஜீவனத்துக்கு வேண்டியதை மட்டும் நிறுத்தி வைத்தார். ஸல்மான் எடுத்துரைத்த பாத்தியதையை இமாம் மறக்கவில்லை என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். டமாஸ்கஸ் பள்ளிவாசலின் ஸ்தூபியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பகலெல்லாம் தனித்திருந்தார். அங்கே ஒரு மதரஸாவுக்குள் நுழைந்தபோது, ஆசிரியர் ஒருவர், "கஸ்ஸாலி இவ்வாறு கூறியிருக்கிறார்" என்று பாடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டதாகவும், தம் உள்ளத்தில் கர்வம் தலைதூக்கிவிடும் என்று அஞ்சி அந்த நகரத்தையே விட்டுப் புறப்பட்டுவிட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. பாம்பைக் கண்டு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். தம் பெயரைக் கேட்டு ஓடியவரைப் பற்றி இந்தக் கதையில்தான் கேள்விப்படுகிறோம்.

ஜெருசலேம், ஹெப்ரான், மக்கா, மதீனா என்று யாத்திரை தொடர்ந்தது. பிறகு பிள்ளைகளின் அழைப்பு அவரை ஊருக்கு இழுத்து வந்தது. 'இஹ்யா உலூமித்தீன்' என்ற அவருடைய பெரிய நூல் இந்த வனவாச காலத்தின் விளைவே. நாற்பது பகுதிகள் கொண்டது அது. மனிதனை அழிக்கும் குணங்களை விவரிக்கும் பாகத்தில் வயிற்றின் ஆசை, காம இச்சை, நாவின் தீமை, கோபம், பொறாமை, பொருளாசை என்று முறையாகச் சொல்லிக்கொண்டு போய், அவற்றுக்கெல்லாம் மேலே கீர்த்தி ஆசை, பகட்டு, கர்வம், தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளுதல் ஆகியவற்றை வைத்திருக்கிறார். வயிறு கீழ்ப்படி, புகழ் மேற்படி.

கதை இதோடு முடியவில்லை. 1106-இல் அவர் மறுபடியும் நிஷாப்பூர் சென்று ஆசிரியப் பணியை ஏற்றுக்கொண்டார். சுற்றிச் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்துவிட்டாரே என்று கேட்டால், அதற்கும் அவரிடம் விடை இருக்கிறது. முன்பு புகழைத் தேடித் தரும் கல்வியைக் கற்பித்தார். இப்போது புகழைத் துறக்கச் செய்யும் கல்வியைக் கற்பித்தார். நாற்காலி அதுதான்; அமர்ந்தவர் வேறு. சில ஆண்டுகளில் சொந்த ஊரான தூஸுக்குத் திரும்பி, 1111-இல் காலமானார்.

இனிக் கோபம் என்ற நாயைப் பற்றி ஒரு வார்த்தை. மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துகிறவன் பலசாலியல்லன். கோபம் வந்தபோது தன்னை அடக்குகிறவனே பலசாலி என்ற கருத்தை நபிகள் நாயகம் அவர்கள் போதித்தார்கள். மக்காவில் அவர்களும் தோழர்களும் பட்ட இன்னல்கள் கொஞ்சமல்ல. கி.பி. 622-இல் பிறந்த ஊரையே விட்டு வெளியேற நேர்ந்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பின், 630-இல், பதினாயிரம் பேருடன் அதே மக்காவுக்குள் நுழைந்தபோது, பழி தீர்க்கச் சகல சக்தியும் கையிலிருந்தது. ஆனால் ஊராருக்குப் பொது மன்னிப்பே கிடைத்தது. நீரில்லாத இடத்தில் நோன்பிருப்பது பெரிதல்ல. குழாயடியில் இருப்பதே பெரிது. சக்தியில்லாதவன் மன்னிப்பதைவிடச் சக்தியுள்ளவன் மன்னிப்பது அவ்வாறே பெரிது.

இந்தப் பாடத்தை நமது தேசத்தின் சுதந்திரப் போரில் ஒருவர் நடத்திக் காட்டினார். எல்லைக் காந்தி என்று நாம் போற்றும் கான் அப்துல் கபார் கான் 1890-இல் பெஷாவருக்கு அருகிலுள்ள உத்மான்ஸாயில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். பட்டாணியர்களுக்குப் பழிக்குப் பழி என்பது குலதருமம். வீட்டுக்கு வீடு துப்பாக்கி. தலைமுறை தலைமுறையாகத் தீராத பகை. அவர்களிடையே அவர் 1929-இல் 'குதாயி கித்மத்கார்', அதாவது இறைவனின் ஊழியர்கள் என்ற சேவைப் படையைத் திரட்டினார். அதில் சேருகிறவன் பலாத்காரத்தையும் பழிவாங்குதலையும் விட்டுவிடுவதாக ஆண்டவன் பெயரால் பிரதிக்ஞை செய்ய வேண்டும். தன்னைத் துன்புறுத்துகிறவனை மன்னிக்க வேண்டும். எளிய வாழ்வு வாழ வேண்டும். பொறுமையே நபிகள் நாயகத்தின் ஆயுதம் என்று கான் ஸாகேப் அவர்களுக்கு எடுத்துரைத்தார். செங்கல் நிறச் சட்டை அணிந்த இந்தத் தொண்டர்களின் தொகை விரைவில் பல்லாயிரமாகப் பெருகிற்று.

1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் தேதி, தலைவர்கள் கைது செய்யப்பட்டதை அடுத்து, பெஷாவர் கிஸ்ஸா கானி கடைவீதியில் கூடிய ஆயுதமற்ற ஜனங்கள் மீது பிரிட்டிஷ் அரசாங்கத்தார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தார்கள். பலர் மாண்டார்கள். அன்று கட்வால் பட்டாளத்தைச் சேர்ந்த சந்திர சிங்கும் அவருடைய தோழர்களும் நிராயுதபாணிகளைச் சுட மாட்டோம் என்று மறுத்துச் சிறைத் தண்டனையை ஏற்றது சரித்திரப் பிரசித்தம். துப்பாக்கியைத் தாய்ப்பாலோடு அறிந்த ஒரு சமூகத்தார் துப்பாக்கியைத் தொடாமல் பிரதிக்ஞையைக் காத்ததை என்னவென்று சொல்வது? பசியையும் தாகத்தையும் "அந்திக்கு" என்று ஒத்திப்போடலாம். பழியுணர்ச்சியை ஒத்திப்போட்டால் அது வட்டியோடு வளரும்; அதை விட்டேதான் தீர வேண்டும். ரமலான் தோறும் ஒரு மாதம் தாகத்தோடு போராடிப் பழகியவர்களுக்கு, அந்தப் பழக்கம் பெரிய போராட்டத்தில் கைகொடுத்திருக்கும் என்று நாம் நம்புகிறோம். கான் ஸாகேப் அந்நியர் ஆட்சியிலும், 1947-க்குப் பிறகு பாகிஸ்தானிலும் பல ஆண்டுகள் சிறையிலிருந்தார். 1987-இல் பாரத தேசம் அவருக்குப் பாரத ரத்னா விருது அளித்தது. அடுத்த ஆண்டு காலமானார். தேசத்தின் சுயராஜ்யமும் தன்மீது தான் செலுத்தும் ராஜ்யமும் ஒரே சொல்லின் இரண்டு பொருள்கள் என்பதற்கு அவரைவிடச் சிறந்த சாட்சி வேண்டுமா?

"இவையெல்லாம் மகான்களுக்கு, குடும்பஸ்தர்களாகிய நாம் என்ன செய்வது?" என்று சலித்துக்கொள்ள வேண்டியதில்லை. அதற்கும் இமாம் கஸ்ஸாலி எளிய வழி சொல்லியிருக்கிறார். வியாபாரி தன் கூட்டாளியை எவ்வாறு நடத்துகிறானோ, அவ்வாறே ஒவ்வொருவனும் தன் நப்ஸை, அதாவது தன் கீழான மனத்தை, நடத்த வேண்டும் என்கிறார். காலையில் நிபந்தனை பேசிக்கொள்ள வேண்டும்: "இன்று இருபத்து நான்கு மணி நேரம் முதலாகக் கையில் கொடுத்திருக்கிறது, இன்னின்னதைச் செய்வாய், இன்னின்னதைச் செய்யமாட்டாய்." பகலில் கண்காணிக்க வேண்டும், ஏனெனில் கூட்டாளி நாணயஸ்தன் அல்லன். இரவில் கணக்குப் பார்க்க வேண்டும்: லாபமா, நஷ்டமா? நஷ்டமென்றால் சிறிய அபராதம் ஒன்று விதிக்க வேண்டும். மறுநாள் மறுபடியும் நிபந்தனை.

பால் கணக்கும் மளிகைக் கணக்கும் எழுதாத வீடு நம்மிடையே இல்லை. அந்த நோட்டுப் புத்தகத்தைச் சாத்துமுன் ஐந்து நிமிஷம் இந்தக் கணக்கையும் மனத்துக்குள் பார்க்கலாம். இன்று குழந்தையிடம் எரிந்து விழுந்தோமா? அண்டை வீட்டார் புதிதாக வாங்கியதைப் பார்த்து நமக்கும் வேண்டும் என்று துடித்தோமா? செய்த உதவியை நாலு பேருக்குத் தெரியச் சொன்னோமா? தவறிய இடத்தில் ஓங்கித் தலையில் அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. தீமைக்கு ஏவும் மனம், தன்னைத் தானே கடிந்துகொள்ளும் மனம், அமைதியுற்ற மனம் என்று மூன்று நிலைகளைக் குர்-ஆன் பேசுகிறது. முதல் நிலையிலிருந்து மூன்றாவதற்கு ஒரே தாவில் தாவ முடியாது. நடுவே இருக்கும் படி, தன்னைக் கடிந்துகொள்ளும் மனம். கணக்குப் பார்க்கிறவன் அந்தப் படியில் ஏறிவிட்டான்.

நம்முடைய கணக்கையும் இங்கே தீர்த்துவிடுவோம். அந்தப் பையனின் பெயரைச் சொல்லிப் பள்ளிக்கூடப் பிரார்த்தனைக் கூட்டத்தில் அவனைப் புகழ வேண்டும் என்று முதலில் நினைத்தோம். நல்ல வேளையாக, "இப்போது இல்லை" என்று நமக்கே சொல்லிக்கொண்டோம். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அவன் செய்த காரியத்தை எல்லோரும் பார்க்கும்படி ஆக்கிவிட்டால், நாளைக்கு அவன் யாருக்காகத் துப்புவான்? அவன் தாயார் கற்பித்த பாடத்தை உபாத்தியாயர் கெடுத்ததாக அல்லவா ஆகும்? ஆகையால் அவன் பெயரும் ஊரும் நம்மோடு இருக்கட்டும்.

அன்று அந்தியில் பள்ளிவாசல் பக்கமாக வந்தோம். பாங்கு ஒலித்தது. வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களிடையே நமது மாணாக்கனும் இருந்தான். முதலில் ஒரு பேரீச்சம்பழம். பிறகு ஒரு குவளைத் தண்ணீர். கண்ணை மூடிக்கொண்டு அவன் அதைக் குடித்த விதத்தைப் பார்த்தபோது, அந்த ஊரிலேயே தண்ணீரின் ருசியை அறிந்தவன் அவன் ஒருவன்தான் என்று நமக்குத் தோன்றிற்று.